தாத்தாவின் வானமும் அத்தைப் பாட்டியின் லோங்காங்கும்

ஜெலுத்தோங், பினாங்கு:

நவீன இயற்பியல் உங்கள் எழுத்தையோ வாசிப்பையோ தொட்டதுண்டா என்று இங்கே கேட்டதும் எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். 1941 டிசம்பர் 11, ஜார்ஜ்டவுன்மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட நாள். ஓடி ஒளிய வேண்டும் என்றுகூடத் தெரியாமல் ஜனங்கள் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தார்கள். தாத்தாவும் அப்படித்தான், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றதாகச் சொல்வார். அந்தத் தங்கைதான் என் அத்தைப் பாட்டி. அவரிடம் கேட்டால், "எந்தத் தெரு? என்னை லோங்காங்குல தள்ளி மேல படுத்துக்கிட்டாரு. நான் வானத்தையே பாக்கல" என்பார். லோங்காங் என்றால் இங்கே தெருவோரச் சாக்கடை. சொல்லிக்கொண்டே முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டுவார்.

இதைச் சிறுகதையாக்க நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பு எழுதப் போய்க் கதை செத்துவிடும்.

அப்புறம்தான் மைக்கேல் ஃபிரெய்னின் 'கோபன்ஹேகன்' (1998) நாடகத்தைப் படித்தேன். அதுவும் 1941தான், செப்டம்பர் மாதம். ஜெர்மானியர் பிடியிலிருந்த டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு, ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் தன் ஆசானான டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போரைப் பார்க்க வருகிறார். அன்று என்ன பேசினார்கள் என்பதில் இருவரும் பின்னாளில் ஒத்துப்போகவே இல்லை. நாடகத்தில் அவர்கள் செத்துப்போன பிறகு, நீல்ஸ் போரின் மனைவியையும் வைத்துக்கொண்டு, அந்தச் சந்திப்பைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1927-இல் ஹைசன்பெர்க் சொன்ன நிச்சயமின்மைக் கொள்கை மனித ஞாபகத்தைப் பற்றியது அல்ல. எலக்ட்ரான் போன்ற ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையும் திசைவேகமும் பெருகிய அளவு) ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதுதான் அது. கருவியின் குறையும் இல்லை. ஃபிரெய்ன் எடுத்துக்கொண்டது அதன் சாயலை. எனக்கு அந்தச் சாயலே போதும். ஐந்தாவது முறை இருவர் சொன்னதையும் சொன்னபடியே விட்டேன். இரண்டே இரவில் எழுதி முடித்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்:

அக்கா, எனக்கு நேர்மாறாக நடந்தது. படிவம் ஆறில் ஒரு நாள் இயற்பியல் டீச்சர், 1964-இல் இயற்பியலாளர் மரே ஜெல்-மான், புரோட்டானுக்குள் இருக்கும் நுண்துகளுக்கு வைத்த 'குவார்க்' என்ற சொல்லை ஜேம்ஸ் ஜாய்ஸ் நாவலிலிருந்து எடுத்தார் என்றார். அறிவியல் வகுப்பில் ஒரு நாவலாசிரியர் பெயரைக் கேட்டது அன்றுதான். சாயங்காலமே நூலகத்துக்குப் போய்விட்டேன். சரி, பாட்டி உங்கள் கதையைப் படித்தாரா?

ஜெலுத்தோங், பினாங்கு:

நான்தான் படித்துக் காட்டினேன் தம்பி. தெருவில் நின்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அண்ணன் அப்படியா சொன்னாரு? இன்னொரு தரம் படி" என்றார்.