மறு: ஓ.எஸ்.எல். – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. ஆளுக்கொரு மடல் எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்தே பதில் போடுகிறேன். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வரி: மேசை விளையாட்டுகளில் நகர்த்தும் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள், உருவத்தின் கையிலிருக்கும் லாந்தரோ மந்திரக்கோலோ நிஜமாகவே எரிந்து அக்கம்பக்கத்தில் வெளிச்சம் அடிப்பதுபோலக் காட்டுவார்கள். பல்பு கிடையாது, பேட்டரி கிடையாது, வெறும் அக்ரிலிக் வண்ணம்தான். ஆப்ஜெக்ட் சோர்ஸ் லைட்டிங் என்று பெயர், சுருக்கினால் ஓ.எஸ்.எல். தொடக்கக்காரர்களுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் இதற்கொரு சொல் கேட்டார். அங்கே ஆரம்பித்தது.

> ‘பொருள் மூல ஒளியமைப்பு’ என்று வைத்துவிடலாம். நேர் மொழிபெயர்ப்பு, குழப்பம் வராது.

வரும் ஐயா. ‘மூலம்’ என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு உபாதைதான் முதலில் ஞாபகம் வரும். சரி, அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். என் தடை வேறு. இந்தப் பெயர் விளக்கைச் சுட்டுகிறது. தீட்டுகிறவருக்கு விளக்கில் வேலை கொஞ்சம்தான். 32 மி.மீ. உயர உருவத்தில் லாந்தர் மூன்று மி.மீ. இருந்தால் பெரிது. வெள்ளை வைத்துக் காயவிட்டு, மேலே மஞ்சள் ஓட்டி, ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு தொட்டால் விளக்கு முடிந்தது. மீதி மாலை முழுக்கத் தாடையிலும் மார்புக் கவசத்திலும் அங்கியின் மடிப்பிலும் போகும். வெளிச்சம் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் தூரிகைக்கு வேலை. சொல்லும் அந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

> ‘ஒளிர்வு ஓவியம்’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் ‘ஒளிர்வு’க்கு ஏற்கெனவே குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் எழுத்தில் உடனொளிர்வு, நின்றொளிர்வு என்று இரண்டு உண்டு, இரண்டுமே நம் வண்ணப் பெட்டிக்குள்ளும் உண்டு. ஃப்ளூரசன்ட் வண்ணம் புற ஊதாவை வாங்கிக் கண்ணுக்குத் தெரிகிற நிறமாகத் திருப்பித் தருவது. பக்கத்து வண்ணங்களை மங்கவைக்கும் அளவுக்கு அது பளிச்சிடக் காரணம் அதுதான். (வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், பார்த்து வையுங்கள்.) இருட்டில் மின்னும் வண்ணம் இன்னொரு சாதி. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் போன்ற தூள் கலந்தது, வாங்கிய வெளிச்சத்தைச் சேர்த்து வைத்து இருட்டில் மெல்ல விடும். பகலில் வெளிறிப்போய்க் கிடக்கும். கையேட்டில் ‘ஒளிர்வு’ என்று எழுதினால், படிக்கிறவர் நேரே போய் அந்தப் புட்டியை வாங்கி வந்து நிற்பார். நம் வேலைக்கு எதுவும் ஒளிர வேண்டாம். அறை விளக்கு எரிந்தால் போதும், பார்க்கிறவர் கண் ஏமாந்தால் போதும்.

இதை அடித்துச் சொல்லக் காரணம், நானே பெயரால் ஏமாந்தவன். முதன்முதலாகத் தீட்டியபோது என் காதில் விழுந்திருந்த பெயர் ‘க்ளோ எஃபெக்ட்’. சூனியக்காரன் ஒருவன், வலக்கையில் பச்சைச் சுடர். க்ளோ என்றால் சுற்றிலும் பரவ வேண்டும் அல்லவா? பரப்பினேன். முன்கை, புறங்கை, சுடருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த தோள், முக்காட்டின் பின்பக்கம், எல்லாம் பச்சை. சுடர் என்ன பச்சையோ கையும் அதே பச்சை. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் பாசி பிடித்த கல் மாதிரி இருந்தான். விளையாட வந்த நண்பர், “இவன் குளத்திலிருந்து எழுந்து வந்தவனா?” என்று கேட்டார். கிண்டல்கூட இல்லை, கதை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

> தோயொளி. நிலவில் தோய்ந்த என்கிறோமே, அதைப்போல.

அழகான சொல், ஒரு நாள் முழுக்க என் நாவிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சாயம் கலந்த வார்னிஷில் உருவத்தை அப்படியே முக்கி எடுத்து உதறுகிற முறை ஒன்று இருக்கிறது, ‘டிப்’ என்பார்கள். நாளைக்கு அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘தோய்’ என்பதைத்தான் தேடிப்போவோம், அதற்கு விட்டுவைப்போம். மேலும், தோய்ந்தால் எல்லாப் பக்கமும் நனையும். என் பாசிக்காரன் தோய்ந்தவன்தான், அதுதான் அவனிடம் கோளாறே. ‘படரொளி’ சொன்னவருக்கும் இதே பதில். கொடி கல்லைச் சுற்றி மறுபக்கமும் படரும். விளக்கு வெளிச்சம் மூலை திரும்பாது.

நான் கொண்டுவருவது ‘படுவொளி’.

புதுச்சொல் மாதிரித் தெரிந்தாலும் வீட்டில் நாள்தோறும் புழங்குவதுதான். “வெயில் படுற இடத்துல காயப்போடு”, “கண்ணுல லைட் படுது, திருப்பி வை.” பள்ளிக்கூடத்தில் படுகதிர், படுகோணம் படித்திருக்கிறோம். இலக்கணம் கேட்கிறவர்களுக்கு: ‘படு’ என்பதில் தனிக்குறிலை அடுத்து நிற்பது முற்றியலுகரம், ஆகவே கெடாது. வகர உடம்படுமெய் பெற்றுப் படுவொளி ஆகும். பட்ட ஒளி, படுகின்ற ஒளி, படும் ஒளி மூன்றும் அடங்கிய வினைத்தொகை. பட்ட ஒளிதானே என்று ‘பட்டொளி’ ஆக்கிவிடாதீர்கள், அது பட்டுத்துணியின் மினுக்கு.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, அது தனக்குள்ளே ஒரு கேள்வியை வைத்திருப்பது. இங்கே படுமா, படாதா? தொடக்கக்காரர் ஒவ்வொரு மடிப்பிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே அதுதான். மூக்கின் இடப்பக்கம் லாந்தரைப் பார்க்கிறது, படும். வலப்பக்கம் பார்க்கவில்லை, படாது. இடைவாரின் மேல்விளிம்பில் படும், கீழ்விளிம்பில் படாது. சந்தேகமாக இருந்தால் அறையை இருட்டாக்கிவிட்டு, உருவத்தின் கைக்குப் பக்கத்தில் குட்டி எல்.இ.டி. டார்ச் ஒன்றைப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் எங்கே வெளிச்சமோ அங்கே மட்டும் தூரிகை.

வண்ணத்தைக் காற்றால் தூவி அடிக்கிற ஏர்பிரஷ்காரர்களுக்கு இன்னும் பொருந்தும். எரிகுழம்பின்மேல் நிற்கும் உருவத்துக்கு முனையைக் கீழே தாழ்த்தி மேல்நோக்கி அடித்தால் வண்ணத் துளி எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் வெளிச்சமும் பட்டிருக்கும். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான். நான் திட்டமிட்டுத் தேடியதில்லை, தானாக வந்து மாட்டியது.

> படு என்றாலே படுமோசம், படுமட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ‘அளவுக்கு மீறிய ஒளி’ என்று படித்துவிட மாட்டார்களா?

நியாயமான பயம். முதல் தடவை சிலர் அப்படித்தான் படிப்பார்கள், மறுக்கவில்லை. சொல் முதலில் வரும் இடத்திலேயே ‘வெளிச்சம் படும் இடம்’ என்று ஒரு தொடரைப் பக்கத்தில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். படுகதிரை யாரும் ‘பயங்கரக் கதிர்’ என்று படிப்பதில்லையே. ‘வீழொளி’ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மேலிருந்து கீழே இறங்குகிற வெளிச்சமாக என் காதில் கேட்கிறது. எரிகுழம்பு வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறுவது.

> ஓ.எஸ்.எல். என்றே எல்லாரும் சொல்கிறார்கள். விட்டுவிடலாமே?

பேச்சில் அப்படியே இருக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். எழுதும்போதுதான் இடிக்கிறது. ஓ.எஸ்.எல். என்பது வித்தையின் பெயர். உருவத்தின்மேல் கிடக்கிற அந்த வெளிச்சத் திட்டுக்குப் பெயர் அதில் இல்லை. கையேட்டில் வரவேண்டிய வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள்: “முழங்காலுக்குப் படுவொளி எட்டாது.” “படுவொளி விளக்கைவிடப் பளிச்சென்று ஆகிவிட்டது, ஒரு படி இறக்குங்கள்.” “அங்கியின் படுவொளியில் அங்கியின் நிறமும் தெரிய வேண்டும்.” மூன்றிலும் ஓ.எஸ்.எல். போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. வித்தைக்குப் பெயர் வேண்டுமானால் ‘படுவொளித் தீட்டல்’ என்று கூட்டிக்கொள்ளலாம். விளக்குக்கு, பாடநூலில் இருக்கிற ‘ஒளிமூலம்’ போதும். ஆமாம், மேலே கிண்டல் செய்த அதே மூலம்தான்.

முழங்காலுக்கு ஏன் எட்டாது என்பதைக் கையேட்டில் கொஞ்சம் விரித்து எழுதலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. விளக்கை ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், 2 மி.மீ. தள்ளியிருக்கும் விரலுக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 6 மி.மீ. தள்ளியிருக்கும் இடுப்புக்குக் கிடைக்கும். அதற்கும் கீழே இறங்கித் தீட்டினால், லாந்தர் பெரிய தீவட்டியாக இருந்தாலொழியக் கண் நம்பாது. நிறத்தைப் பற்றி நண்பரின் வரைவில் ‘விளக்கின் நிறத்தை அருகிலுள்ள பகுதிகளில் பூசவும்’ என்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றுங்கள். ஆரஞ்சு விளக்கு வெளிச்சம் கருநீல அங்கியில் பட்டால் ஆரஞ்சாகத் தெரியாது, மங்கிய பழுப்புச் சாம்பலாகத் தெரியும். எலும்பு நிறத்திலோ உலோகத்திலோ பட்டால்தான் ஆரஞ்சு அப்படியே தெரியும். எனவே கெட்டி வண்ணம் வேண்டாம். ஒரு பங்கு வண்ணத்துக்கு மூன்று நான்கு பங்கு மீடியம் (வண்ணத்தை மெல்லியதாக்கும் நிறமற்ற திரவம்) கலந்து, அடி நிறம் தெரியும்படி மெல்லியதாக ஓட்டி, காயவிட்டு, விளக்கை நெருங்க நெருங்க இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஏற்ற வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று: உருவம் மொத்தமும் இருட்டாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நிற்பவன்போலத் தீட்டிவிட்டு லாந்தரை ஏற்றினால் எந்தச் சொல்லாலும் காப்பாற்ற முடியாது.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர் (1593–1652) மெழுகுவத்தி வெளிச்சம் தீட்டுவதில் மன்னன். பல படங்களில் சுடரை யாருடைய கையாவது மறைத்திருக்கும். விரலிடுக்கில் சிவப்பு, எதிரே முகத்தில் பொன், சுடரைக் காணோம். ஒளிமூலத்தை ஒளித்துவிட்டு நமக்குப் படுவொளியை மட்டும் காட்டுகிறார். (ஒளி என்றால் வெளிச்சமும்தான், மறைத்தலும்தான். ஆங்கிலக்காரருக்கு இது கிடைக்காது.) நம் சிற்றுருவத்திலும் விளக்கைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் விளக்கு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் தீட்டியது சரி. பாசிக்காரனை இப்படிப் பார்த்தேன். எத்தனை விளக்கு என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அவனைச் சாயம் நீக்கிக் கருப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து வைத்திருக்கிறேன். இந்த முறை இடக்கையில் வாளும் உண்டு, அங்கேதான் அடுத்த சிக்கல். சுடரின் வெளிச்சம் வாள்தகட்டில் பட்டு, அங்கிருந்து திரும்பி மோவாயின் அடியில் லேசாக ஒரு பச்சை தட்டுகிறது. அது நேராகப் பட்டதில்லை, தகடு கொடுத்தது. ‘எதிரொளி’ என்றால் கண்ணாடிபோலத் தகட்டுக்குள்ளேயே தெரிகிற சுடரின் உருவத்தையும் குறிக்கிறதே. இரண்டையும் பிரிக்க யாரிடமாவது சொல் இருக்கிறதா?

அன்புடன்.