அளவு கொடுத்து எடுத்த பேட்டர்ன்: மார்பில் பிடிக்குது, இடுப்புத் தையல் மேலே ஏறுது

கேள்வி:
உடம்பு அளவைக் கொடுத்து இறக்கின பிடிஎஃப் பேட்டர்ன்ல (துணி வெட்டுறதுக்கான தாள் மாதிரி) இடுப்புத் தையல் வச்ச காட்டன் ஃபிராக் தைச்சேன். மார்பு 36, அதுக்கு மேல லூஸ் 2 அங்குலம் பேட்டர்ன்லேயே சேர்ந்திருக்கு. தையல் ஓரம் 1.5 செ.மீ. ஜெராக்ஸ் கடையில ஏ4 தாள்ல 28 பக்கம் எடுத்து ஒட்டினேன். துணியை நனைச்சுக் காயவச்சுதான் வெட்டினேன். போட்டா மார்பு இறுக்கம், இடுப்புத் தையல் அரை அங்குலம் கிட்ட மேலே நிக்குது. பக்கத் தையலைப் பிரிச்சு விட்டா சரியாகுமா?

பதில் 1:
இப்போ பிரிக்காதீங்க. பிரிண்ட் அளவு சரியான்னு பார்க்க முதல் பக்கத்துல 10 செ.மீ. சோதனைக் கட்டம் இருக்கும், இரும்பு ஸ்கேல்ல அளந்து சொல்லுங்க. பழைய இஞ்ச் டேப் இழுத்திருக்கும், நம்ப முடியாது. கொடுத்தது உடம்பு அளவா, அளவு சுடிதார்ல எடுத்ததா?

கேட்டவர்:
உடம்பு அளவுதான். கட்டம் ரெண்டு பக்கமும் 9.7.

பதில் 1:
அதான் விஷயம். அளவு சுடிதார்ல எடுத்திருந்தா லூஸ் ரெண்டு தடவை சேர்ந்து தொளதொளன்னு வந்திருக்கும். உங்க ஃபைல் அமெரிக்க லெட்டர் தாளுக்கு அமைஞ்சது. அதன் அகலம் 216 மி.மீ., ஏ4 210. கடையில 'ஃபிட்' (தாளுக்குள்ள அடங்குற மாதிரி சுருக்குறது) போட்டு அடிச்சதும் 97 சதவீதமாச் சுருங்கிடுச்சு. 38 அங்குலம் 36.9 ஆச்சு, லூஸ்ல பாதிக்கு மேல போச்சு. தோள்–இடுப்பு 14.5 இருந்தா 14.1. இடுப்பு ஏறினது அதனாலதான். மார்பு மட்டும் பிடிச்சு இடுப்பு சரியா நின்னா, அளவு எடுத்ததுல தப்புன்னு சொல்லியிருப்பேன்.

கேட்டவர்:
அதே ஃபைலை 100 சதவீதத்துல எடுத்தா போதுமா?

பதில் 1:
போதாது. தாளோட இடது, வலது ஓரத்துல 3 மி.மீ. வெட்டுப்படும், ஒட்டுற குறி போயிடலாம். ஏ4 தேர்ந்தெடுத்து மறுபடி இறக்கி, 'ஆக்சுவல் சைஸ்'ல முதல் பக்கத்தை மட்டும் எடுங்க. கட்டம் சரியா 10 வந்தபிறகு மீதிப் பக்கங்கள். ஒட்டும்போதும் கவனம்: ஒரு இணைப்புக்கு தாள்மேல தாள் 1 மி.மீ. கூடுதலா ஏறினாலும், அரை முன்பாகத்துல ரெண்டு, அரை முதுகுல ரெண்டு இணைப்பு இருந்தா மடிப்பு விரிச்சதும் 8 மி.மீ. குறையும்.

பதில் 2:
தைச்சதைக் காப்பாத்தலாம், ஓவர்லாக் அடிச்சு ஓரம் வெட்டாம இருந்தா. பக்கத் தையல்ல ஒவ்வொரு ஓரத்திலும் 0.7 செ.மீ. விடுங்க. நாலு ஓரம் சேர்ந்து 2.8 செ.மீ., போன 1.1 அங்குலம் திரும்பிடும். கையோட அடித்தையலையும் அதே அளவு விடணும், இல்லைன்னா கைக்குழியில பொருந்தாது. பாவாடையோட பக்கத் தையலையும் அதே அளவு தளர்த்திட்டு, இடுப்புத் தையல்ல 0.7 இறக்குங்க. சைடு டார்ட் (மார்பு வடிவத்துக்காக பக்கத்துல தைக்கிற மடிப்பு) முனையும் கால் அங்குலத்துக்கு மேல ஏறியிருக்கும். பக்கம் பிரிஞ்சிருக்கிறப்பவே டார்ட் வாயைத் தொடாம முனையை மட்டும் கீழே சாய்ச்சுத் தைங்க.

கேட்டவர்:
ஓவர்லாக் அடிக்கலை. கையை முழுசாக் கழட்டணுமா?

பதில் 2:
வேணாம். அக்குள்ல ரெண்டு பக்கமும் 2 அங்குலம் பிரிச்சா போதும்.