ரயில்வே கேட்டை மறித்து நிற்கும் கூட்ஸ் வண்டி: உங்கள் அனுபவம் என்ன?

ஹூஸ்டனிலிருந்து:
நகரின் கிழக்குப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கேட் இறங்கும், கூட்ஸ் வரும், வந்தது அப்படியே நின்றுவிடும். போன வாரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. பின்னால் வரிசையாக லாரிகள், திரும்பவும் வழியில்லை. நாலு கார் தள்ளி ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு, கடைசியில் புல்தரையில் ஏறித் திரும்பிப் போனது. அதைவிட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. பள்ளிக்கூடப் பையன்கள் இருவர், பையை முதலில் அந்தப் பக்கம் வீசிவிட்டு, இரண்டு பெட்டிக்கு நடுவே இருக்கும் கொக்கியில் கால் வைத்துத் தாண்டினார்கள். வண்டி எந்த நொடியும் நகரலாம். இதைக் கேட்க ஆளே கிடையாதா?

ஓஹாயோவிலிருந்து:
கேட்டுப் பார்த்தாயிற்று. எங்கள் மாநிலத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறித்தால் குற்றம் என்று சட்டமே இருந்தது. ரயில்வே விவகாரம் மத்திய அரசின் கையில், மாநிலம் தலையிட முடியாது என்று 2022-இல் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே இல்லை. சரி, மத்திய அரசாவது இத்தனை நிமிடம்தான் மறிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறதா என்றால், அதுவும் இல்லை! 2019 கடைசியில் மத்திய அரசின் ரயில்வே நிர்வாகம் (FRA) புகார் பதிய ஓர் இணையதளம் திறந்தது. பதியலாம், அபராதம் போடமாட்டார்கள்.

நிற்பதற்குக் காரணங்களும் உண்டு. இப்போதெல்லாம் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமாக வண்டி கோக்கிறார்கள், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு அதற்கேற்ப நீளவில்லை. தலை யார்டு வாசலில் காத்திருக்கும்போது வால் ஊருக்குள் கிடக்கிறது. ஓட்டுநருக்கு 12 மணி நேரப் பணி முடிந்தால் சட்டப்படி ஓட்டக்கூடாது. மாற்று ஆள் வரும்வரை வண்டி அங்கேயேதான். இந்தச் சட்டம் தேவைதான், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதை யார் கேட்டார்கள். ஓட்டுநரின் பணி நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தும் ஊருக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டல்லாஸிலிருந்து:
என் அனுபவம் வேறு மாதிரி. இரவில் ஜிபிஎஸ் சொன்னதை நம்பி நண்பர் தண்டவாளத்திலேயே காரைத் திருப்பிவிட்டார், சக்கரம் ஜல்லியில் புதைந்தது. எல்லோரும் இறங்கி விலகிப் போனபின் கிராசிங் கம்பத்தில் இருந்த நீலப் பலகையைத் தேடினோம். அதில் ஒரு போன் நம்பர், கீழே ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும். அந்த எண்ணைச் சொன்னதுமே எதிர்முனையில் இருந்தவருக்கு இடம் புரிந்துவிட்டது. "காருக்குள் யாரும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இழுவை வண்டி வரும்வரை அந்தத் தடத்தில் ரயிலை விடவில்லை. பலகை கண்ணில் படாவிட்டால் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். வேகமாக வரும் கூட்ஸ் நிற்க ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆகும், ஓட்டுநர் பார்த்துப் பிரேக் போடுவார் என்று காத்திருக்காதீர்கள். ரயில் நெருங்கிவிட்டதென்றால் தண்டவாளத்தை விட்டு விலகி, அது வரும் திசைப் பக்கமாகச் சாய்வாக ஓடுங்கள். மோதிய காரின் துண்டுகள் ரயில் போகும் பக்கம்தான் பறக்கும்.