முகத்தை மறைத்துவிட்டால் போதுமா?

முன்றில்: பெண்கள் காப்பகத்துக்கு நிதி திரட்ட இளைஞர் குழு வெளியிட்ட ரீல்ஸில் முகங்களை மங்கலாக்கிவிட்டதால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அக்குழுவைச் சேர்ந்த எழுதுகோல் நேற்று அடித்துச் சொன்னதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகம் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் உள்ள சன்னலும், அதன் வழியே தெரியும் தண்ணீர்த் தொட்டியும், எதிர்க்கட்டடத்தின் பெயர்ப்பலகையும் பளிச்சென்று தெரிகின்றன. அடித்துத் துன்புறுத்திய கணவன் தேடி வருவதற்கு அந்தச் சன்னலே போதும்.

எழுதுகோல்: இத்தனை பேரின் உழைப்பில் உங்கள் கண்ணில் பட்டது ஒரு சன்னல் மட்டும்தானா? குரலை மாற்றினோம், இருப்பிடத் தகவலை நீக்கினோம், அந்த அக்காவிடம் கையெழுத்தும் வாங்கினோம். 2014-இல் தலையில் பனிநீரை ஊற்றிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் சமூக ஊடகங்களில் பரவியபோது ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் கிடைத்தது. துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?

முன்றில்: அந்தச் சவாலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டவர்கள் தம் முகத்தைத் தாமே விரும்பிக் காட்டியவர்கள், யாரிடமிருந்தும் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்லர். குரலை மாற்றினீர்கள், சரி. சன்னலை என்ன செய்தீர்கள்?

மழைக்குருவி: விருப்பக்குறிகளை எண்ணிப் பெருமைப்படுவதும் போதும். அவற்றைக் கொண்டு தடுப்பூசி வாங்க முடியாது என்று 2013-இல் யுனிசெஃப் சுவீடன் விளம்பரமே செய்தது. காணொளியைப் பலருக்குக் காட்டும்படி பூஸ்ட் செய்யக் கட்டிய பணம் யாருடையது?

எழுதுகோல்: எங்கள் கைக்காசு. உங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். சென்ற முறை உங்கள் சுவரொட்டியை நாங்கள் பயன்படுத்தவில்லை.

மழைக்குருவி: படத்தைத் தள்ளிவிட்டு, அதில் இருந்த என் வாசகத்தை மட்டும் பெயரில்லாமல் போட்டுக்கொண்டீர்களே, அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

முன்றில்: சுவரொட்டிச் சண்டையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். தங்க இடம் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் கைப்பேசியோடு வந்து நின்று கேட்கும்போது, நாளை எங்கே போவது என்று தெரியாத ஒரு பெண் எந்தத் துணிவில் மறுப்பார்? இன்று சம்மதித்தவர் நாளை மனம் மாறினாலும், வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்ட காணொளியை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்? கட்டம் கட்டமாக மறைத்த முகங்களைக்கூடக் கணினியால் அடையாளம் காண முடியும் என்று 2016-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சன்னலைக் காண அந்தக் கணினியும் தேவையில்லை, அந்தப் பகுதியில் நடமாடும் ஒருவர் போதும். நீங்கள் உங்கள் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். நாப்கின், வழக்குச் செலவு, குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் என்று தேவைகளை வரிசையாகச் சொல்லி, பணம் அனுப்பும் இணைப்பைக் கொடுங்கள். தைத்த துணியை மட்டும் வேறிடத்தில் வைத்துப் படம் எடுங்கள். இவற்றில் எதற்கும் அந்தப் பெண் கேமரா முன் உட்கார வேண்டியதில்லை.

எழுதுகோல்: தைத்த துணியைக் காட்டினால் யாரும் நின்று பார்ப்பதில்லை, மனிதரைக் காட்டினால்தான் பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்த நீங்கள் இணையத்தின் வழியே திரட்டிக் கொடுத்தது என்ன என்பதை முதலில் சொல்லுங்கள்.

முன்றில்: நான் திரட்டியதைப் பற்றிய பேச்சு அன்று இது. யாரும் நின்று பார்க்காவிட்டால் வேறு வழி தேடுங்கள். சன்னலைப் பற்றிய கேள்வியை மூன்றாம் முறையாகத் தவிர்க்கிறீர்கள்.

மழைக்குருவி: என் வாசகத்தைப் பற்றிய கேள்வியையும்தான்.

எழுதுகோல்: காப்பக நிர்வாகம் சொன்னால் காணொளியை நீக்குவோம். உங்கள் இருவருக்காகவும் நீக்க மாட்டோம்.

முன்றில்: நிர்வாகத்துக்கு இப்போதே எழுதுகிறேன். அவர்களின் பதில் வரும்வரை அதை வேறெங்கும் பகிராமலாவது இருங்கள்.

எழுதுகோல்: பகிர்வதை நிறுத்த முடியாது. மாத இறுதிக்குள் வாடகை கட்டியாக வேண்டும்.