கதைக்காக உருவாக்கும் மொழி தமிழின் சாயலிலேயே நிற்கிறது, எப்படி மாற்றுவது?

பனித்தடம்:

வணக்கம். ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆண்டு முழுக்கப் பனிமூட்டம் விலகாத மலையில் ஒரு கூட்டம் வாழ்கிறது. நாலடி தள்ளி நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அவர்களுக்கென்று ஒரு மொழி செய்கிறேன். நாலைந்து விநோதமான பெயர்களைத் தூவிவிட்டுப் போக மனம் வரவில்லை. இலக்கணத்தோடு, பேசிப் பார்க்கிற மாதிரி வேண்டும்.

இப்போது கையில் இருப்பது இவ்வளவு. மெய்கள் ப, த, க, ம, ந, ல, ர, வ, ஹ. உயிர்கள் அ, இ, உ, எ, ஒ, எல்லாம் குறில். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். எட்டு வேற்றுமை, எட்டுக்கும் பின்னொட்டு. பன்மைக்கு 'இ'. அதாவது தம் என்றால் மரம், தமி மரங்கள். கொர் பறவை, கொரி பறவைகள். பெல் வீடு, பெலி வீடுகள். முக் கல், முகி கற்கள்.

சிக்கல் என்னவென்றால், எந்த வாக்கியம் எழுதினாலும் தமிழ் வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிவைத்தது போலவே இருக்கிறது. ஒலியிலும் உயிர் இல்லை, எல்லாம் ஒரே சீராக அடுக்கிவைத்தது போல. ஒன்பது மெய் போதாதோ? இன்னொன்று, 'முகி' என்று எழுதினால் வாசிப்பவர் 'முகில்' போல ககரத்தை மெலித்துத்தானே படிப்பார்? அப்புறம், பனி காரணமாக ஒரு செய்தியைக் கண்டு சொல்கிறாரா கேட்டுச் சொல்கிறாரா என்பது வினையிலேயே தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். உலகத்தில் அப்படி மொழிகள் உண்டா, அல்லது செயற்கையாகத் தோன்றுமா?

ககரமெய்:

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஹவாய் மொழிக்கு எட்டு மெய்தான். 2001இல் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனா என்ற செயற்கை மொழிக்கு ஒன்பது மெய், ஐந்து உயிர், உங்கள் கணக்கேதான். ஆட்கள் அதில் அரட்டை அடிக்கிறார்கள்.

எந்த ஒலி எங்கே நிற்கலாம், எதை ஒட்டி எது வரலாம் என்பதில்தான் ஒரு மொழியின் முகம் இருக்கிறது. ஹவாய் மொழியில் இரண்டு மெய் சேர்ந்து வராது, எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. அந்த ஒரு கட்டுப்பாடே அதைக் காதுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தொல்காப்பியம் இதற்குத்தான் அத்தனை இடம் ஒதுக்குகிறது: மொழிக்கு முதலில் வரும் எழுத்து, இறுதியில் வரும் எழுத்து, எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்ற மெய்ம்மயக்கம். ழகரம் சொல்லுக்கு முதலில் வராது, ரகரம் இரட்டிக்காது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மீறி ஒரு சொல் வந்தால் அது நம் சொல் இல்லை என்று உடனே தெரிகிறது. உங்கள் மலைக்காரர்களுக்கும் அப்படி இரண்டு மூன்று தடைகள் போடுங்கள்.

ககரம் பற்றி: தமிழ் வாசகர் உயிர்களுக்கு நடுவே மெலித்துத்தான் படிப்பார். முன்னுரையில் குறிப்புப் போட்டால் பத்தாம் பக்கத்துக்குள் மறந்துவிடுவார். அந்த மெலிவையே உங்கள் மொழியின் விதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழியிலும் b, d, g ஆகிய வெடிப்பொலிகள் உயிர்களுக்கு நடுவே இளகுகின்றன. வல்லொலி வேண்டிய இடத்தில் இரட்டித்து எழுதினால் போதும்.

வேர்ச்சொல்:

நான் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் மொழிக்கு நேற்று என்பதே இல்லை. அதுதான் குறை. இன்றைய நிலையை மட்டும் செய்திருக்கிறீர்கள். ஆயிரம் ஆண்டு பேசப்பட்ட மொழியில் ஒலிகள் ஒன்றையொன்று இழுத்தும் தேய்த்தும் இருக்கும். அந்தத் தேய்மானம்தான் பிறகு இலக்கணமாகிறது.

உங்கள் நாலு சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமி, கொரி, பெலி, முகி ஆகியவற்றைப் பழைய வடிவம் என்று வையுங்கள். இவற்றின் மேல் மூன்று மாற்றங்களை வரிசையாக ஓட்டுகிறேன்.

முதலில், அடுத்த அசையில் இகரம் இருந்தால் முன்னால் உள்ள உயிர் அதை நோக்கி நகரட்டும். அ, ஒ இரண்டும் எ ஆகும், உ இ ஆகும். தெமி, கெரி, பெலி, மிகி. இரண்டாவது, இ அல்லது எ முன்னால் ககரம் சகரமாகட்டும். இது மிக இயல்பான மாற்றம், தமிழிலேயே கெவி செவியானது இப்படித்தான். இப்போது தெமி, செரி, பெலி, மிசி. மூன்றாவது, சொல்லின் கடைசியில் நிற்கும் இகரம் தேய்ந்து விழட்டும்.

கிடைப்பதைப் பாருங்கள். ஒரு மரம் தம், பல மரம் தெம். ஒரு பறவை கொர், பல பறவை செர். கல் முக், கற்கள் மிச். வீடு பெல், வீடுகளும் பெல்! பன்மை ஒட்டு எங்கேயும் இல்லை, ஆனால் பன்மை இருக்கிறது. சகரம் என்ற புது ஒலியும் நீங்கள் சேர்க்காமலே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஃபுட் ஃபீட் ஆவதும் மவுஸ் மைஸ் ஆவதும் இதே கதைதான், அங்கேயும் பழைய இகரம் ஒன்று உயிரை இழுத்துவிட்டு மறைந்துபோனது.

மாற்றங்களின் வரிசையும் முக்கியம். இரண்டாவதை முதலில் ஓட்டினால் கொரியின் ககரம் அப்போது ஒகரத்துக்கு முன்னால் நிற்கும், அது தப்பித்துவிடும். பறவைகள் செர் ஆகாமல் கெர் ஆகும். பக்கத்து மலையில் ஒரு கிளைமொழி வேண்டுமென்றால் இந்த வரிசையை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு ஊரும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும், ஆனாலும் வாயைத் திறந்ததும் யார் எந்த மலை என்று தெரிந்துவிடும்.

வாக்கிய அமைப்புக்கு வருகிறேன். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், அடை பெயருக்கு முன்னால் என்று மூன்றும் தமிழைப் போல வைத்தால் தமிழ்தான் கேட்கும். இவை உலக மொழிகளில் பெரும்பாலும் கூட்டமாக வருபவை. ஒன்றை மட்டும் நகர்த்தினால் மற்றவை உறுத்தும். ஸ்டார் ட்ரெக் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான் மொழியைச் செய்த மார்க் ஒக்ராண்ட், செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசையைத் தேர்ந்தார். பிரேசிலின் ஹிஷ்கார்யானா போல வெகு சில மொழிகளில் மட்டுமே அது அடிப்படை வரிசை. வேற்றுக்கிரக மொழிக்கு அது பொருத்தம். உங்களுடையவர்கள் மனிதர்கள், அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெல்ஷ், ஐரிஷ் மொழிகளைப் போல வினையை முதலில் வையுங்கள். எட்டு வேற்றுமையை மூன்றாகக் குறைத்து, மற்றவற்றைப் பெயருக்கு முன்னால் வரும் தனிச் சொற்களாக்குங்கள். செவ்வியல் அரபியில் வினைமுதல் வரிசையும் உண்டு, மூன்று வேற்றுமையும் உண்டு, முன்னிடைச் சொற்களும் உண்டு. அதனால் இந்தச் சேர்க்கையில் பொய் எதுவும் இல்லை.

கேள்விச்செவி:

கண்டதும் கேட்டதும் பற்றி நான் சொல்கிறேன். தாராளமாக உண்டு. தமிழிலேயே 'வந்தாராம்' என்கிறோமே, அந்த 'ஆம்' இந்த வேலையைத்தான் செய்கிறது. நமக்கு அது விருப்பம், சில மொழிகளில் கட்டாயம். அமேசான் பகுதியின் துயூக்கா மொழியில் ஐந்து வகை: கண்டது, மற்ற புலனால் அறிந்தது, தடயத்தைப் பார்த்து ஊகித்தது, பிறர் சொன்னது, பொது அறிவால் கொண்டது. ஐந்தில் ஒன்றைச் சொல்லாமல் வினையை முடிக்க முடியாது.

உங்கள் கதைக்கு இதில் கவனிக்க வேண்டியது, 'கேட்டது' என்பது ஒன்றல்ல இரண்டு. சிறகடிக்கும் சத்தம் என் காதில் விழுந்தது வேறு, பறவை வந்தது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்டது வேறு. பனிக்குள் வாழ்பவர்கள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்ப மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தன்மையில், அதாவது 'நான்' என்று தன்னைப் பற்றிப் பேசும்போது, என்ன ஆகிறது என்றும் யோசியுங்கள். துருக்கியில் நேரில் அறியாததைக் குறிக்கும் விகுதியைத் 'தூங்கினேன்' என்பதோடு சேர்த்தால், 'தூங்கிவிட்டிருக்கிறேன் போல' என்று பொருள் வரும். தன்னைப் பற்றித் தானே பிறகு தெரிந்துகொள்வது. இது கதாசிரியருக்குப் பெரிய வரம்.

பனித்தடம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வினையை முன்னால் கொண்டுவந்ததுமே வாக்கியம் வேறு வாயில் பேசுவது போல ஆகிவிட்டது. இப்படி வைத்திருக்கிறேன்: வருதலுக்கு 'லம'. 'லம கொர்' என்றால் பறவை வந்தது, சத்தத்தால் அறிந்தேன். 'லமவு கொர்', பறவை வந்தது, கண்டேன். 'லமஹெ கொர்', வந்ததாம். பனியில் காதுதான் அன்றாடம், அதனால் ஒட்டு இல்லாத வெறும் வினையைக் காதுக்குக் கொடுத்தேன். கண்ணால் காண்பது அரிது, அதற்குத்தான் ஒட்டு. பெரும்பாலான மொழிகளில் இது தலைகீழாக இருக்குமோ?

இன்னொன்று. பெல், பெல் என்று ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிட்டால் குழப்பம் வராதா? 'வீட்டுக்கு', 'வீடுகளுக்கு' என்று பிரிக்க வேண்டிய இடம் கதையில் இருக்கிறது. 'கு' உருபுக்கு 'நு' என்று வைத்திருக்கிறேன்.

வேர்ச்சொல்:

ஆம், கண்டதற்குத்தான் பெரும்பாலும் எளிய வடிவம் கிடைக்கும். நீங்கள் தலைகீழாக்கியதற்கு அந்த மலையே காரணம் சொல்கிறது, அதனால் மாற்றவே மாற்றாதீர்கள். இந்த மொழியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பெல் பற்றி: மூன்றாவது விதியைத் திரும்பப் படியுங்கள். சொல்லின் கடைசியில் நிற்கும் இகரம்தான் விழுகிறது. 'நு' சேர்ந்துவிட்டால் அந்த இகரம் கடைசியில் இல்லை, நடுவில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே வீடுகளுக்கு என்பது பெலிநு. மரங்களுக்குத் தெமிநு, பறவைகளுக்குச் செரிநு, கற்களுக்கு மிசிநு. ஒருமையில் பெல்லும் நுவும் நேராக மோதும். அங்கே ஒரு புணர்ச்சி விதி போட்டு 'பெல்லு' ஆக்கிவிடுங்கள். பெல்லு வீட்டுக்கு, பெலிநு வீடுகளுக்கு. உருபு இல்லாமல் தனியாக நிற்கும்போது மட்டும் பெல் எத்தனை என்று தெரியாது. அங்கே எண்ணுப்பெயரோ 'பல' என்ற பொருளில் ஒரு சொல்லோ வந்து உதவட்டும்.

அந்த மக்களின் பிள்ளைகள் மொழி பழகும்போது 'தெம்நு' என்று தவறாகச் சொல்வார்கள், பெரியவர்கள் 'தெமிநு' என்று திருத்துவார்கள். கதையில் ஒரு குழந்தை பேசும் இடம் வந்தால் அப்படியே எழுதுங்கள். மற்ற இரண்டு உருபுகளையும் முடிவு செய்துவிட்டு இங்கே போடுங்கள், அவை இகரத்தில் தொடங்கினால் ஒருமையிலும் உயிர் மாறத் தொடங்கும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.