மறு: அச்சிடும் பெட்டியில் ‘ஸ்கேல்’: சொல் தேவை

குழுமத்தாருக்கு வணக்கம். மென்பொருளின் அச்சிடும் பெட்டியில், உருவத்தை எத்தனை விழுக்காட்டில் அச்சிடுவது என்று குறிக்கும் ‘ஸ்கேல்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ‘அளவு மாற்று’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். அச்சிடும் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று தாளின் அளவு: ஏ4, ஏ3, லீகல். மற்றொன்று அந்தத் தாளில் விழும் உருவத்தின் அளவு. ‘அளவு மாற்று’ என்று பார்த்தவுடன் பாதிப் பேர் தாளைத்தான் மாற்றுவார்கள். நாம் தேடுவது இரண்டாவதற்கான சொல்.

> சுருக்கு / பெரிதாக்கு

‘சுருக்கு’ என்பதை ஜிப் கோப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. ‘பெரிதாக்கு’ திரையில் ஜூம் செய்வதற்குப் போய்விட்டது. திரையில் 200 விழுக்காட்டில் வைத்துப் பார்த்தாலும் தாளில் விழுவது இம்மியும் மாறாது. புதியவர்கள் தடுக்கி விழுவதே இந்த இடத்தில்தான். திரைக்கும் தாளுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தக் குழியை நாமே வெட்டி வைத்த மாதிரி ஆகும்.

> பள்ளிப் பாடநூலில் ‘அளவுத்திட்டம்’ இருக்கிறதே? புதுச்சொல் எதற்கு?

நல்ல சொல், நல்ல கேள்வியும்கூட. ஆனால் அது வரைபடத்துக்கு உள்ளே இருக்கும் உறவைச் சொல்கிறது: 1 செ.மீ. என்பது 1 கி.மீ. என்பது போல. நாம் பெயர் வைக்கப்போவது அந்த உறவைக் கெடுக்கக்கூடிய வேலைக்கு. ‘1 செ.மீ. = 1 கி.மீ.’ என்று எழுத்தில் குறித்த வரைபடத்தை 90 விழுக்காட்டில் அச்சிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். 1 கி.மீ. எவ்வளவு நீளம் என்று அடியில் கோடு போட்டுக் காட்டியிருந்தால் கோடும் சேர்ந்தே குறையும், ஆகவே கணக்குத் தப்பாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் தையல் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான மாதிரிப் படம். வீட்டிலேயே அச்சிட்டு, தாள்களை ஒட்டி, வெட்டித் தைப்பவர்கள் இன்று நிறையப் பேர். கடிதமோ மின்கட்டண ரசீதோ 3 விழுக்காடு குறைந்து விழுந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஜாக்கெட் அப்படியல்ல. அமெரிக்காவில் வரைந்த பேட்டர்ன் பெரும்பாலும் லெட்டர் தாளுக்கானது, அகலம் 215.9 மி.மீ. நம்முடைய ஏ4 அகலம் 210 மி.மீ. பக்கத்தைத் தாளுக்குள் கொள்ளும்படி மாற்றும் ‘ஃபிட்’ தெரிவில் விட்டுவிட்டால் உருவம் சுமார் 97 விழுக்காடாகக் குறையும். அச்சுப்பொறி ஓரத்தில் விடும் வெற்றிடத்தையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். 36 அங்குலச் சுற்றளவுக்கு வரைந்தது 35 அங்குலத்தில் நிற்கும். கைக்குழியும் கழுத்து இறக்கமும் அதே வீதத்தில் குறைந்திருக்கும். கடையில் “ஃபிட்டா தைச்சுக் குடுங்க” என்பதற்கு நேர் எதிரான வேலையை அந்த ‘ஃபிட்’ செய்துவிடும். இதனாலேயே ‘பொருத்து’ என்ற மொழிபெயர்ப்பும் எனக்கு உவப்பில்லை. பொருந்துவது தாளுக்கு, உடம்புக்கு அல்ல. (‘பொறுத்து’ என்று தட்டச்சாகிவிடும் ஆபத்து வேறு.)

பேட்டர்ன் போடுகிறவர்கள் முதல் பக்கத்தில் 10 செ.மீ.யோ 4 அங்குலமோ பக்கமுள்ள சோதனைச் சதுரம் ஒன்றை வைப்பது இதற்காகத்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே ‘ஸ்கேல்’ என்றால் அடிக்கோல். தமிழ்நாட்டில் அந்த ஆங்கிலச் சொல்லைக் கோல் முழுசாகப் பிடித்துக்கொண்டுவிட்டதால், ‘ஸ்கேல் 100 விழுக்காடு’ என்று பெட்டியில் எழுதினாலும் பலருக்கு ஒட்டாது.

என் முன்மொழிவு: தாளுக்கு தாளளவு, அதில் விழுவதற்கு உருவளவு. இணையாக நிற்பதால் ஒன்றைப் பார்த்தே மற்றதைப் புரிந்துகொள்ளலாம். விழுக்காட்டுக் கட்டத்தில் ‘உருவளவு: 100%’. ‘ஆக்சுவல் சைஸ்’ வருமிடத்தில் ‘உருவளவு மாறாமல்’. மெய்யளவு, உண்மையளவு என்று முன்பு வந்த பரிந்துரைகள் அழகுதான். ஆனால் மற்றவை பொய்யளவா என்று கேட்டால் பதில் இல்லை. ‘மாறாமல்’ என்றால் பொத்தான் என்ன செய்யப்போகிறது என்பது தெரிந்துவிடும். ‘ஃபிட்’ என்பதற்கு ‘தாளுக்குள் அடக்கு’.

இன்னொன்று. ‘50% = பாதி அளவு’ என்று உதவிக்குறிப்பில் எழுத வேண்டாம். விழுக்காடு நீளத்துக்கு, பரப்புக்கு அல்ல. 50 போட்டால் ஏ4 பக்கம் ஏ6 ஆகிவிடும், ஒரு தாளில் நான்கு கொள்ளும். ஒரு தாளில் இரண்டு பக்கம் வேண்டுமென்றால் 71. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது மனப்பாடம்: ஏ4-ஐ ஏ3 ஆக்க 141, திரும்பி வர 71.

---

> ‘தாளுக்குள் அடக்கு’

அண்ணா, வணக்கம். உருவளவுக்கு என் ஆதரவு. ‘அடக்கு’ மட்டும் வேண்டாமே, யாரையோ அதட்டுவது போல் இருக்கிறது. ‘தாள் கொள்ளுமளவு’ என்றால் என்ன? நீங்களே கடைசியில் ‘நான்கு கொள்ளும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் இருப்பது டொரொன்டோவில். இங்கே கடையில் கிடைப்பது லெட்டர் தாள்தான், எங்கள் சிக்கல் உங்களுடையதற்குத் தலைகீழ். ஏ4-இன் 297 மி.மீ. உயரத்தை 279.4-க்குள் திணிக்கும்போது 94 விழுக்காட்டுக்கு வந்துவிடும். உங்கள் 36 இங்கே 34-க்கும் கீழே. ஏ4 பக்கம் மட்டுமே உள்ள பேட்டர்னை ‘உருவளவு மாறாமல்’ அச்சிட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஆகையால் மூன்றாவது தெரிவான ‘ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்’ என்பதற்கும் பெயர் வேண்டும். அது பெரிய பக்கத்தை மட்டும் குறைக்கும், சிறியதைத் தொடாது. பேர் பார்த்தால் சாது, எங்களைப் போன்றவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். கோப்பில் ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் அது மட்டும் குறைந்து வரும், ஒட்டும்போது கோடுகள் சேராது.

---

‘தாள் கொள்ளுமளவு’ என்பதை எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. மூன்றாவதற்கு ‘மிஞ்சினால் மட்டும் குறை’. ‘குறு’, ‘குறுக்கு’ இரண்டையும் தவிர்த்தேன், குறுக்கு என்றால் கண் கிடைமட்டத்துக்குப் போகிறது.

உருவளவுக் கட்டம் மென்பொருளின் பெட்டியிலும் இருக்கும், அச்சுப்பொறியின் சொந்த அமைப்புப் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் தனித்தனியே குறைக்கக்கூடியவை. அங்கே 97, இங்கே 97 என்றால் தாளில் விழுவது 94. இரண்டு இடத்திலும் வெவ்வேறு தமிழ்ச்சொல் இருந்தால் இரண்டும் ஒரே வேலை என்று எவருக்கும் தோன்றாது. எனவே அச்சுப்பொறி இயக்கிகளை (டிரைவர்) தமிழாக்குபவர்களும் இதையே எடுத்துக்கொள்வது நல்லது.

பல தாளில் பிரித்து அச்சிடும் ‘போஸ்டர்’ தெரிவை இப்போதைக்குத் தொடவில்லை. அதற்கு ‘ஒட்டுத்தாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஸ்டிக்கர் என்றே படும். வேறு யாரிடமாவது சொல் இருந்தால் தனி இழையில் போடுங்கள். இந்தச் சொற்களில் எதற்காவது மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லிவிடுங்கள், திங்களன்று சரங்களை (திரையில் தெரியும் மொழிபெயர்த்த சொற்களை) மென்பொருளில் ஏற்றிவிடுவேன்.