ஒயிட்மெட்டல் கிட்டில் எல்எம்எஸ் 10000: சால்டர் வைப்பதா, அரால்டைட்டா?

கானாடுகாத்தான் கேஜ்:

வணக்கம். எல்எம்எஸ் என்ற பழைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் 10000 எண் டீசல் எஞ்சினை, அசலின் ஓரடிக்கு 4 மிமீ என்ற அளவில் மாடலாகக் கட்டும் பழைய ஒயிட்மெட்டல் கிட் ஒன்று கையில் இருக்கிறது. பக்கச்சுவர் 2, மூக்கு 2, கூரை 1, போகி (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் வண்டி) சட்டம் 4, பஃபர், ஹார்ன் போன்ற சில்லறைகள். படிகளும் சில கைப்பிடிகளும் பித்தளைத் தகட்டில் வெட்டியவை. விளக்கத்தாள் இல்லை. ஒரு பக்கச்சுவர் நடுவில் 2 மிமீ அளவுக்கு வளைந்திருக்கிறது.

இருக்கிற கருவி: 25 வாட் சாதா சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் கோல்), 60/40 ஈயக்கம்பி, டப்பாவில் வரும் சால்டர் பேஸ்ட். இது போதுமா, அல்லது முழுக்க அரால்டைட் (எபாக்சி பசை) போட்டுவிடலாமா? வளைவை எப்படி எடுப்பது? பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று இருக்கிறேன், வார்ப்புகளையும் அப்படியே செய்யலாமா? காரைக்குடியில் கிடைப்பதை வைத்துச் சொன்னால் உதவி.

பொன்மலை டீசல்:

தம்பி, முதலில் அந்த அயர்னைத் தள்ளி வையுங்கள். ஒயிட்மெட்டல் என்பது வெள்ளீயம், காரீயம், கொஞ்சம் ஆன்டிமனி கலந்த வார்ப்பு. கலவையைப் பொறுத்து 180 முதல் 250 டிகிரிக்குள் உருகிவிடும். சாதா 25 வாட் அயர்னின் முனை 350ஐத் தொடும். ரசம் ஊற்றாத ஈயச்சொம்பை அடுப்பில் வைத்த கதைதான்: சிவக்காது, புகையாது, திடீரென்று மூலை ஒழுகிவிடும். 60/40 கம்பி உருகவே 183 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வார்ப்போடு வார்ப்பைச் சேர்க்க அது ஆகாது.

வேண்டியது 70 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர். ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் இருந்தால் 150 முதல் 180க்குள் வையுங்கள். மலிவான ஸ்டேஷன்கள் பல 200க்குக் கீழே இறங்காது. அதிலும் வேலை ஆகும், ஆனால் முனை ஒரு விநாடிக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. எந்த அளவானாலும் முதலில் வார்ப்புக் காம்பின் (அச்சில் உலோகம் ஊற்றிய வழியில் மிஞ்சும் தண்டு) ஒரு துண்டில் முனையை 3 விநாடி ஊன்றிப் பாருங்கள். காம்பு குழைந்தால் சூடு அதிகம். இதற்கென்று தனி முனை வேண்டும். பிஸ்மத் ஒட்டிய முனையால் பிறகு வயர் வேலை செய்தால் அந்த இணைப்புகள் பலவீனமாகும்.

டப்பா பேஸ்ட் இங்கே பயன்படாது. அதிலுள்ள குங்கிலியம் 70 டிகிரியில் வேலையே தொடங்காது. 12 சதவீத பாஸ்பாரிக் அமிலம்தான் ஃப்ளக்ஸ், அதாவது உலோக முகத்தைச் சுத்தமாக்கிச் சால்டரைப் பிடிக்கவைக்கும் திரவம். லேப் கெமிக்கல் கடையில் 85 சதவீதத்தில் கிடைக்கும்; 10 பங்கு டிஸ்டில்டு வாட்டரில் 1 பங்கு அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவி, சிறு துண்டு சால்டரை மூட்டின் உள்பக்கம் வைத்து, முனையால் சால்டரைத் தொடுங்கள், வார்ப்பை அல்ல. ஃப்ளக்ஸ் கொதித்ததும் சால்டர் இடுக்குக்குள் ஓடிவிடும். பெரிய வார்ப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் பயமில்லை. ஹார்ன் மாதிரி சின்னது உடனே உருகும், அவற்றுக்கு அரால்டைட்தான்.

பித்தளைக்கு ஒரு படி கூடுதல். 70 டிகிரி சால்டர் பித்தளையில் சரியாகப் பிடிக்காது. உங்கள் 25 வாட் அயர்னும் 60/40 கம்பியும் அங்கேதான் உதவும்: பித்தளைத் துண்டைத் தனியே வைத்து, ஒட்டும் முகத்தில் மெல்லிதாக ஈயம் பூசி ஆறவிடுங்கள். பிறகு அதை வார்ப்பின் மேல் வைத்து 70 டிகிரி சால்டரால் பற்றவைக்கலாம்.

இந்தச் சால்டர் பலவற்றில் காட்மியம் உண்டு. ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்று புகையை முகத்திலிருந்து வெளியே தள்ளும்படி வையுங்கள். அரத்தூளில் காரீயம் இருக்கிறது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சமையலறை மேடையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணன் சொன்னதோடு, கட்டும் வரிசையைச் சொல்கிறேன். சதுரம் தப்பினால் பிறகு எதுவும் பொருந்தாது.

வளைவை எடுக்க: கண்ணாடிக் கடையில் 6 மிமீ கண்ணாடி ஓரடிக்கு அரையடி வெட்டி வாங்குங்கள். சுவரைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் 2 நிமிடம் வைத்துவிட்டு, கண்ணாடிமேல் போட்டுக் கட்டைவிரல்களால் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒரே திசையில்தான். முன்னும் பின்னும் மடக்கினால் ஜன்னல் ஓரத்தில் விரிசல் விடும், ஆன்டிமனி கலந்த உலோகம் அப்படித்தான். சுத்தியல் கூடாது.

பிசிறையும் அச்சுக்கோட்டையும் பழைய அரத்தால் எடுங்கள். இந்த உலோகம் அரத்தின் பல்லில் அடைத்துக்கொள்ளும். முதலில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும்.

அசல் எஞ்சினின் நீளம் 61 அடி 2 அங்குலம். 4 மிமீ அளவில் சுமார் 245 மிமீ. பழைய அச்சுகளில் வார்ப்பு சுருங்கியிருக்கும், அதனால் இரண்டு பக்கச்சுவரும் ஒரே நீளமா என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் முக்கியம், அசலோடு அரை மிமீ குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சுவர், ஒரு மூக்கு சேர்த்து ஒரு ‘ட’. மற்ற இரண்டில் இன்னொரு ‘ட’. ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்து இரண்டே புள்ளியில் சால்டரால் பிடியுங்கள். பிறகு இரண்டையும் கண்ணாடிமேல் சேர்த்துப் பெட்டியாக்கி, மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். வித்தியாசம் 0.3 மிமீக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளியை விடுவித்து மறுபடி பிடியுங்கள். கூரையை ஒட்டாமல் உட்கார வைத்துப் பார்த்த பிறகே மூட்டு முழுக்கச் சால்டரை ஓட்டவேண்டும்.

தப்பாகிவிட்டால் பயப்படவேண்டாம். கொதிக்கும் நீரில் முக்கினால் 70 டிகிரி மூட்டு எல்லாம் விட்டுவிடும், வார்ப்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த வசதி அரால்டைட்டில் இல்லை, அதனால்தான் உடலுக்குச் சால்டர் என்கிறேன். அப்படி முக்கியெடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது.

வேலை முடிந்த அன்றே ஆப்பசோடா கலந்த வெந்நீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அமிலம் தங்கினால் சில வாரத்தில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி கிளம்பும்.

புளியைப் பித்தளையோடு நிறுத்துங்கள், அதையும் ஒட்டுவதற்கு முன்பே. வார்ப்புக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

கானாடுகாத்தான் கேஜ்:

மிக்க நன்றி அண்ணே, இருவருக்கும். இரண்டு போகிக்கும் ரெடிமேடு சக்கரம், ஒன்றில் மோட்டார். ஒரு போகி இடது தண்டவாளத்திலிருந்தும் மற்றது வலதிலிருந்தும் கரண்ட் எடுக்கும். இதில் ஏதாவது பிரச்சினை வருமா?

அரியக்குடி 12 வோல்ட்:

வரும். பிளாஸ்டிக் உடலில் ஓடுகிற ஏற்பாடு இது. உங்கள் உடல் முழுக்க உலோகம். இரண்டு போகியின் சட்டமும் பிவட் (போகி திரும்பும் அச்சு) வழியாக உடலைத் தொட்டால் தண்டவாளம் இரண்டும் நேராக ஷார்ட். ஒரு போகியின் பிவட்டில் நைலான் புஷ், நைலான் போல்ட் போட்டுத் தனிமைப்படுத்துங்கள். எனக்குப் பிடித்தது இரண்டையுமே தனிமைப்படுத்திவிட்டு வயரால் எடுப்பது. ஒயிட்மெட்டல் போகிச் சட்டத்தின் உள்பக்கத்தில் 0.25 மிமீ பிளாஸ்டிக் தகடு ஒட்டுங்கள். வளைவில் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து சட்டத்தை உரசும்போதுதான் இந்த ஷார்ட் வரும், நேர்ப்பாதையில் வராது. அதனால் பலர் மோட்டாரைச் சந்தேகித்து நேரத்தை வீணாக்குகிறார்கள். கூரை மூடும் முன் மல்டிமீட்டரை பீப் முறையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே பாருங்கள். போகியைக் கையால் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும்.

ஒரு போகி முன்னும் பின்னும் மட்டும் ஆடட்டும், மற்றது எல்லாப் பக்கமும் ஆடட்டும். இரண்டும் எல்லாப் பக்கமும் ஆடினால் இந்த எடைக்கு உடல் சாயும். கூடுதல் எடை எதுவும் வைக்கத் தேவையில்லை.

பொன்மலை டீசல்:

பெயிண்ட் பற்றி. கார் பெயிண்ட் கடையில் வாஷ் பிரைமர் கேளுங்கள். சாதா பிரைமர் இந்த உலோகத்தில் நகம் பட்டால் உரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்பிரே செய்தால் கறுப்பு வெளுத்துப் பூத்துவிடும், வெயில் நாளாகப் பாருங்கள்.

அசல் 10000 வெளிவந்தது 1947 டிசம்பரில், இங்கிலாந்தின் டார்பியில். பிரிட்டனில் ரயில்வே தேசியமயமானது 1948 ஜனவரி 1. அதனால்தான் 10000இல் எல்எம்எஸ் எழுத்து உண்டு. 1948இல் வந்த 10001இல் கிடையாது. எண்ணை மாற்றினால் எழுத்தையும் அரத்தால் எடுக்கவேண்டும், அதை ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். கறுப்பு உடல், வெள்ளிப் பட்டை. பட்டை வார்ப்பிலேயே புடைத்திருந்தால், கறுப்பு காய்ந்தபின் அதன்மேல் மட்டும் பெயிண்டைச் சுரண்டி மெருகேற்றி, அன்றே கிளியர் லாக்கர் அடியுங்கள். விட்டால் மங்கிவிடும்.

முடிந்தபின் மூடிய மர அலமாரியில் வைக்காதீர்கள். மரமும் ப்ளைவுட்டும் விடுகிற அமில ஆவி காரீயத்தை அரிக்கும். கண்ணாடியும் அலுமினியமும் உள்ள, காற்று போகிற பெட்டி போதும். அந்தப் பெட்டியை ஒட்ட வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம், அதுவும் அதே அமிலம்தான். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.